கோடை உழவும் கால்பந்துக் குழுவும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

‘கோடை உழவு கோடி நன்மை’ என்பது கொங்கு நாட்டு உழவர்களிடையே இன்றும் வழங்கிவரும் பழமொழி. சித்திரை மாதத்தில் விதைப்பும் இல்லை, அறுப்பும் இல்லை. காடு காய்ந்து கிடக்கும். ஆயினும் ஒரு மழை பெய்துவிட்டால் போதும், உழவர் நிலத்தைப் புரட்டிப் போட்டுவிடுவார். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலில் மடியும். பின்னர் வரும் மழைநீர் ஓடிப்போகாமல் உள்ளே இறங்கும். ஆடிப்பட்டத்து விளைச்சலுக்கு அடித்தளம் சித்திரையிலேயே இடப்படுகிறது. உழவுக்குப் பொருந்தும் இந்த உண்மை நம் ஊர்களில் இயங்கும் சிறிய கால்பந்துக் குழுக்களுக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து.

சிறிய குழு என்று நான் குறிப்பிடுவது சம்பளம் வாங்கி ஆடும் வீரர்களைக் கொண்ட குழுவை அன்று. எங்கள் ஊர்க் குழுவையே எடுத்துக் கொள்வோம். ஒருவர் பம்புசெட் பட்டறையில் லேத் பிடிக்கிறார். ஒருவர் வார்ப்படச் சாலையில் வேலை செய்கிறார். ஒருவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். இருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று வருகிறார்கள். எஞ்சியோர் என்னைப் போன்ற மாணவர்கள். ஷிப்டு முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையும்தான் பந்து காலில் படும். இத்தகைய குழுவுக்கு ஆட்டங்கள் மாசியில் முடிந்தால் மறுபடி தொடங்க ஆடி கழிய வேண்டும். இடையில் உள்ள ஐந்து மாதங்கள் யாருக்கும் வேண்டாத மாதங்கள்.

ஆட்டம் நடக்கும்போது ஆதரவுக்குப் பஞ்சமில்லை. இறுதி ஆட்டத்தன்று ஊரே திரண்டு வரும். விசில் பறக்கும், கோல் விழுந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு பெரியவர்களும் துள்ளுவார்கள். அடுத்த வாரம் மைதானத்தில் ஆடு மேயும். ‘உழுகிற காலத்தில் ஊர் சுற்றிவிட்டு, அறுக்கிற காலத்தில் அரிவாள் கொண்டு போனானாம்’ என்ற பழமொழி நம் ரசிகப் பெருமக்களுக்கென்றே எழுந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

கோவை கண்ட வெற்றி

கைதட்டலால் மட்டும் ஒரு குழு வாழ்ந்துவிடுமா? இக்கேள்விக்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சென்னை சிட்டி கால்பந்துக் குழு 2017-18 ஐ-லீக் பருவத்திலிருந்து நம் கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடியது. 2018-19 பருவத்தில் அக்பர் நவாஸ் என்ற சிங்கப்பூர்ப் பயிற்சியாளரின் கீழ் அக்குழு வியத்தகு ஆட்டம் ஆடிற்று. முன்கள வீரர் பெட்ரோ மான்சி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டம் கோவையில் நடந்தது. மினர்வா பஞ்சாப் முதலில் ஒரு கோல் போட்டு முன்னிலை பெற்றது. பிறகு மான்சி ஒன்றும் கௌரவ் போரா இரண்டும் அடிக்க, 3-1 என்ற கணக்கில் வெற்றி கிட்டியது. 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி சாம்பியன் ஆயிற்று. கொல்கத்தாவின் புகழ்பெற்ற ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளோடு இரண்டாமிடத்தில் நின்றது. ஒரே ஒரு புள்ளி!

அந்த மாலை கோவைக்கு ஒரு திருவிழா. ஆனால் அதன் பிறகு நடந்ததையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். கொரோனா காரணமாக 2020-21 ஐ-லீக் ஆட்டங்கள் முழுவதும் வங்காளத்தில், கொல்கத்தாவிலும் கல்யாணியிலும் நடத்தப்பட்டன. 2021-இல் உரிமத் தகுதிகளை நிறைவு செய்யவில்லை என்று அக்குழு ஐ-லீக்கிலிருந்து விலக்கப்பட்டது. நாட்டின் கோப்பையை ஏந்திய குழு, மூன்றாண்டு முடிவதற்குள் அப்பட்டியலிலேயே இல்லாமற் போயிற்று.

கோவை மக்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். ஆனால் அக்குழு அவர்கள் கையில் இல்லை. தனியார் உடைமையாயிருந்த அக்குழுவில் 2019-இல் சுவிட்சர்லாந்து நாட்டின் பாசெல் குழு 26 விழுக்காடு பங்கு வாங்கிற்று. நம்மவர்களுக்கு அதில் இருந்த பங்கு ஒரு நுழைவுச்சீட்டு மட்டுமே. ஆட்டம் இருந்தவரை சீட்டு வாங்கினோம். ஆட்டம் நின்றதும் நாம் செய்வதற்கென்று ஒரு சிறு வேலைகூட அங்கே இருக்கவில்லை. இதிலிருந்து சிறிய குழுக்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு: ஆட்டமில்லா மாதங்களிலும் ரசிகனுக்குச் செய்ய ஏதேனும் வேலை இருந்தால்தான் குழு ஊரில் வேரூன்றும்.

ஒரே கோடையில் பிறந்த குழு

ரசிகர்கள் வேலை செய்ய முன்வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சான்று உண்டு. லண்டனின் விம்பிள்டன் பகுதிக் குழுவை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கு மாற்ற உரிமையாளர்கள் முனைந்தனர். 2002 மே மாத இறுதியில் அதற்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. அந்நாட்டில் அது ஆட்டமில்லாக் காலம். ரசிகர்கள் அழுது ஓயவில்லை. தங்களுக்கென்று ஒரு புதிய குழுவைத் தொடங்கினார்கள். ஜூன் மாத இறுதியில் ஊர்ப் பொதுவெளியில் வீரர்கள் தேர்வு நடந்தது. ஏறத்தாழ 230 பேர் வந்தார்கள். ஜூலை மாதம் முதல் நட்பு ஆட்டம். அதைப் பார்க்க 4,657 பேர் கூடினார்கள். அனுமதிக்கும் ஆட்டத்துக்கும் இடையே ஆறு வாரமே இடைவெளி!

ஒன்பதாம் அடுக்குப் போட்டியில், வேறு தொழில் பார்த்துக் கொண்டே ஆடும் வீரர்களோடு புறப்பட்ட அந்த ‘ஏ.எஃப்.சி. விம்பிள்டன்’ 2011-இல் நாட்டின் தொழில்முறை லீக்கில் இடம் பெற்றது. 2020-இல் தன் பழைய வட்டாரத்திலேயே புது மைதானம் கட்டித் திரும்பியது. பணம் படைத்த நாட்டுக் கதை என்று இதனைத் தள்ளிவிட வேண்டாம். ஜெர்மனியில் பெர்லின் நகரின் யூனியன் குழு பணமின்றித் திண்டாடியபோது, 2008-09-இல் 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் தாங்களே மண்வெட்டி பிடித்து, காரை பூசி, அரங்கத்தைப் புதுப்பித்தார்கள். அவர்கள் தந்தது உடலுழைப்பு. அது நம்மிடம் குறைவா என்ன?

புல்லும் தசையும்

மைதானம் ஐந்து மாதம் சும்மா கிடந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போருக்குத் தாவரவியல் மாணவன் என்ற முறையில் ஒரு சொல். நம் பகுதி மைதானங்களைப் போர்த்தியிருப்பது அருகம்புல். சைனோடான் டாக்டிலான் என்பது அதன் அறிவியல் பெயர். தரைமேல் ஓடும் தண்டுகளாலும் தரைக்குள் ஓடும் கிழங்குத் தண்டுகளாலும் அது பரவும். மிதிபட்டாலும், காய்ந்தாலும் ஒரு கணு உயிரோடிருந்தால் மீண்டும் தழைக்கும். தோட்டத்தில் இந்தப் புல்லைக் கொத்தி எறிந்தே என் தந்தையாருக்கு இடுப்பு ஒடிந்தது. அதே புல்லை மைதானத்தில் ‘வா, வா’ என்று நாங்கள் வருந்தி அழைக்கிறோம்!

ஆட்டப் பருவத்தில் கோல் கம்பத்தின் முன்பகுதி மொட்டையாகிவிடும். அது ஆறுவதற்கான காலம் ஆட்டமில்லாக் காலந்தான். அந்நேரத்தில் இறுகிய மண்ணைக் கிளறி, புல்லின் துண்டுகளை ஊன்றி, வாரம் இருமுறை நீர் விட்டால் அடுத்த பருவத்துக்குள் தரை மூடிவிடும். மாறாக, கார் ஓட்டப் பழகுவோரும் கட்டடக் கழிவு கொட்டுவோரும் அங்கே நுழைந்தால் மண் இறுகி, வேருக்குக் காற்றுக் கிட்டாமல் புல் மாண்டு போகும். இன்னொரு அபாயம் இதைவிடப் பெரிது. கோவையைச் சுற்றி நிலத்தின் விலை ஏறும் வேகத்தை யாவரும் அறிவோம். ஐந்து மாதம் ஆள் நடமாட்டம் இல்லாத மைதானம் மற்றவர் கண்ணுக்குக் காலி இடமாகத் தெரியத் தொடங்கும். காலி இடத்துக்கு நூறு பேர் திட்டம் வைத்திருப்பார்கள்.

புல்லைப் போன்றதே வீரரின் உடலும். பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே மூச்சுத் திறன் குறையத் தொடங்கிவிடும். ஐந்து மாதம் சும்மா இருந்தவர் முதல் ஆட்டத்திலேயே முழு வேகத்தில் ஓடினால் தசை கிழியாமல் என்ன செய்யும்? ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வுக் குழு 2006-இல் ‘11+’ என்றொரு பயிற்சி முறையை வகுத்தது. இருபது நிமிடம் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முறையாகச் செய்தால் காயங்கள் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் வீரர்களுக்குக் கால் முறிந்தால் ஆட்டம் மட்டுமா போகும்? பட்டறையில் நாள் கூலியும் போகும். வீட்டில் அடுப்பு எரிவதும் ஐயத்துக்கிடமாகும். ஆகவே இந்த இருபது நிமிடம் அவர்கள் குடும்பத்தின் சோற்றோடு தொடர்புடையது.

இரு மறுப்புகள்

“ஏங்கண்ணு, ஆட்டந்தான் முடிஞ்சு போச்சே, இன்னும் அங்க போயி என்ன பண்றே?” என்று என் தந்தையார் கேட்பதுண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்து ஒரு வேலைக்குப் போக வேண்டும் என்ற அவர் கவலை நியாயமானது. அவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: “வாரத்துக்கு ரெண்டு மணி நேரந்தாங்கப்பா. அங்கதான் நான் கணக்கு எழுதக் கத்துக்கிட்டேனுங்க.” இது மெய். குழுவின் வரவு செலவு நோட்டை எழுதியபோது கற்ற ஒழுங்கு எனக்கு ஆய்வுக்கூடத்திலும் உதவுகிறது. ஊராட்சி அலுவலகத்துக்கு மனு எழுதியதும், பத்துப் பேர் முன் எழுந்து நின்று பேசியதும் அங்கேதான். படித்தவர் இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இவற்றையெல்லாம் வேறு யார் சொல்லித் தருவார்கள்?

இரண்டாம் மறுப்பு, “ஒரு பணக்காரப் புரவலரைப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே” என்பது. புரவலர் வரட்டும், வேண்டாம் என்பார் யார்? ஆனால் புரவலர் வருவது பெரும்பாலும் கோப்பை வழங்கும் நாளில். அவர் பெயர் பொறித்த சட்டை கிடைக்கும். படம் எடுத்துக் கொள்வார்கள். சித்திரை வெயிலில் புல்லுக்குத் தண்ணீர் விட அவர் வருவாரா? அவருக்கு ஓராண்டு தொழிலில் நட்டம் வந்தால் குழுவும் சேர்ந்தல்லவா மூழ்கும்? நாற்பது பேர் ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தால் மாதம் 2,000 ரூபாய். ஐந்து மாதத்தில் 10,000. நாற்பதில் இருவர் விலகினாலும் குழு விழாது. ஒரே தூணில் நிற்கும் பந்தலைவிட நாற்பது கால் நட்ட பந்தல் உறுதியானது.

நாம் செய்யக் கூடியவை

மாணவ நண்பர்களே! உங்களில் பலர் ஊரிலும் இத்தகைய குழு ஒன்று இருக்கும். பந்தாடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கீழ்க்காணும் பணிகளில் ஒன்றை எடுத்துக் கொண்டால் போதும்.

1. ஆட்டமில்லா மாதங்களிலும் சந்தா வசூலிக்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிறன்று கணக்கை எல்லோர் முன்னும் படிக்க வேண்டும். மறைவில்லாத கணக்கு இருந்தால்தான் மறுமாதம் பணம் வரும்.

2. மைதானத்துக்கு முறை போட்டு நீர் விட வேண்டும். தினமும் யாரேனும் இருவர் அங்கே இருக்க வேண்டும். அந்த நடமாட்டமே நல்ல வேலி.

3. காயம்பட்ட வீரரை மறக்கக் கூடாது. மருத்துவமனைக்குத் துணைக்குப் போவதும், வாரம் ஒருமுறை வீட்டுக்குச் சென்று விசாரிப்பதும் ரசிகனின் கடமை. வேலை நிமித்தம் திருப்பூரிலேயே தங்கிவிட்டவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது போக வேண்டும். விசாரிப்பார் இல்லாதவர் திரும்பி வர மாட்டார்.

4. கோடை விடுமுறையில் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர் சிறுமியர்க்குக் காலையில் ஒரு மணி நேரம் பந்து பழக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஆட்டமில்லை என்றால் மைதானம் பிள்ளைகளுக்கு ஆகட்டும். நாளைய குழு அவர்கள்தாம்.

நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் மைதானத்தை வாரம் இரு நாள் சுற்றுவட்டாரக் குழுக்களின் பயிற்சிக்குத் திறந்துவிட்டால் பேருதவியாக இருக்கும். உடற்கல்வித் துறை வழிகாட்டினால், காவலுக்கும் தூய்மைக்கும் மாணவர்களாகிய நாம் பொறுப்பேற்கலாம்.

வெற்றி பெற்ற நாளில் குழுவைத் தோளில் தூக்க ஆயிரம் பேர் உண்டு. அவர்கள் வரட்டும், மகிழட்டும். ஆனால் பங்குனி வெயிலில் கோல் கம்பத்துக்கு வண்ணம் பூசுபவரும், சந்தா நோட்டைத் தூக்கிக் கொண்டு வீடு வீடாகப் போகிறவரும், முழங்காலில் கட்டுப் போட்ட வீரரைப் பின்னால் ஏற்றிக் கொண்டு மொபெட் ஓட்டுபவரும்தான் ஒரு குழுவை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்போது பருவத் தேர்வு நெருங்கியிருக்கும். தேர்வை நன்கு எழுதுங்கள். முடிந்து ஊருக்குப் போனதும் ஒரு மாலை மைதானத்துப் பக்கம் சென்று பாருங்கள். அங்கே ஆட்டம் இராது, வேலை இருக்கும்.