எந்தப் பெண்ணுக்குக் கடிதம் போகும்?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முர்ரே எட்வர்ட்ஸ் என்ற மகளிர் கல்லூரி இருக்கிறது. பெண் கலைஞர்களின் படைப்புகளை மட்டுமே அது சேகரிக்கிறது. இன்று 600க்கும் மேல் சேர்ந்துவிட்டன. 1986இல் மேரி கெல்லியின் படைப்பில் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் நூறு பெண் கலைஞர்களுக்குக் கடிதம் எழுதி, ஆளுக்கொரு படைப்பைக் கொடையாகக் கேட்டார்கள். பெரும்பாலானோர் தந்தார்கள்.

ஆக, பெண் கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை. கேட்கத்தான் ஆளில்லை. இடஒதுக்கீட்டுப் பணியிடங்களைக் காலியாகவே வைத்துக்கொண்டு 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று கோப்பை மூடும் நம் பல்கலைக்கழகங்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ஆனால் என் கேள்வி வேறு. கடிதம் எந்தப் பெண்ணுக்குப் போகும்? ஏற்கெனவே பெயர் பெற்றவருக்குத்தான். 1985இல் லுபைனா ஹிமிட் கறுப்பின, ஆசியப் பெண் கலைஞர்கள் 11 பேரைத் திரட்டி லண்டனில் கண்காட்சி நடத்தினார். அந்தப் பெரிய கலை நிறுவனம் அவர்களுக்கு ஒதுக்கிய இடம் நடைவழி! அதே ஹிமிட் 2017இல் டர்னர் பரிசு பெற்றபோது வயது 63. இன்று அவரும் கேம்பிரிட்ஜ் தொகுப்பில் இருக்கிறார். வெள்ளைப் பெண்ணுக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் வாசல் ஒரே நேரத்தில் திறப்பதில்லை.

இங்கே அந்த வாசலில் சாதி நிற்கிறது. மிதிலை ஓவியத்தின் புகழ் நெடுங்காலம் பார்ப்பன, காயஸ்தப் பெண்களின் பெயரில்தான் பரவியது. மல்லா என்ற மீனவச் சாதியில் பிறந்த துலாரி தேவி, ஓவியர் ஒருவர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தபடியே தூரிகை பிடித்தவர். 2021இல் பத்மஸ்ரீ வந்தது. 'பெண் கலைஞர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வீட்டுக்காரம்மாவும் வேலைக்காரியும் ஒன்றாகிவிடுவார்களா?

உதவித்தொகைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஆய்வு மாணவியாகச் சொல்கிறேன்: இலவசமாகக் கொடுப்பதற்கும் வசதி வேண்டும். கூலியில்லா உழைப்பைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களிடம் கொடை கேட்பது பெருந்தன்மை அல்ல, வெட்டிவேலை.

நம் பல்கலைக்கழகங்கள் பெண் கலைஞர்களின் படைப்புகளைச் சேகரிக்கட்டும், வரவேற்கிறேன். ஆனால் தேர்வுக்குழுவில் தலித், பழங்குடிப் பெண்கள் உட்காரட்டும். கோலம், பச்சை குத்துதல், பானை, பாய் எல்லாம் கலை என்று ஏட்டில் ஏறட்டும். செய்தவரின் பெயர் எழுதப்படட்டும். விலை கொடுத்து வாங்கட்டும். இவை இல்லாத 'பெண்கள் தொகுப்பு' அக்ரகாரத்துக்குப் புது வெள்ளையடிப்பதுதான்.