வைத்த இடம் தெரிய வேண்டும்

வீட்டுப் பத்திரத்தை எந்தப் பெட்டியில், எந்தத் துணியில் சுற்றி வைத்தோம் என்பதைக் குடும்பத்துப் பெரியவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். அதே பத்திரத்தின் நகலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருப்பவர்களைக் கேட்டாலோ, "உள்ளேதான் எங்கேயோ இருக்கிறது" என்பதே பலருடைய பதில். சமயத்துக்குக் கைக்கு வராத பொருள் இருந்தென்ன, இல்லாமற் போனாலென்ன?

இக்குறையைத் தீர்க்க ஏற்பட்டதே 'பைல் மானேஜர்' என்னும் மென்பொருள். காரியாலயத்து ரிக்கார்டு அறையில் கட்டுகளை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி அடுக்கும் குமாஸ்தாவின் வேலையைத்தான் அது செய்கிறது. கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும், பெயர் மாற்றும், நகல் எடுக்கும், இடம் மாற்றும், சொன்னால் அழித்தும் விடும்.

இவ்வகையில் பெரும் புகழ் பெற்றது, அமெரிக்காவில் ஜான் சோச்சா என்பவர் எழுதி 1986-ல் வெளிவந்த 'நார்ட்டன் கமாண்டர்'. அந்நாளில் டாஸ் முறையில் ஒரு கோப்பை நகல் எடுக்க, கட்டளையை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. நார்ட்டன் கமாண்டரோ திரையை இரு பாதியாகப் பிரித்தது. ஒரு பாதியில் கோப்பு இருக்கும் இடம். மறு பாதியில் அது போய்ச் சேர வேண்டிய இடம். எது எங்கிருந்து எங்கே போகிறது என்பது கண்ணெதிரே தெரிந்தது. பின்னர் தோன்றிய டோட்டல் கமாண்டர், மிட்நைட் கமாண்டர் முதலியவை இன்றும் அந்த முறையையே கைக்கொண்டிருப்பது அதன் அருமைக்குச் சான்று.

கண்ணுக்குத் தெரிவதே காவல். மறைத்தால் என்ன நேரும் என்பதை 2000-ம் ஆண்டு மே மாதம் உலகம் கண்டது. 'ஐ லவ் யூ' என்ற தலைப்பிட்ட மின்னஞ்சல் ஒன்று நாடு நாடாகப் பரவியது. அதனுடன் வந்த கோப்பின் பெயருக்கு இரண்டு வால்கள். முன்னது 'டி.எக்ஸ்.டி.' - வெறும் எழுத்துக் கோப்பின் அடையாளம். பின்னது 'வி.பி.எஸ்.' - கம்ப்யூட்டரை ஏவி வேலை வாங்கும் கட்டளைகளின் அடையாளம். கடைசி வாலைக் காட்டாமல் மறைப்பது விண்டோஸின் வழக்கமாதலால், கடிதம் என்றே நம்பித் திறந்தவர்கள் ஏராளம். அவர்கள் சேமித்த படங்கள் பாழாயின. பயனாளருக்குக் குழப்பம் வேண்டாமென்று மறைத்த மூன்றெழுத்து, பெருங் குழப்பத்தில் கொண்டுபோய் விட்டது. அப்படியிருந்தும் அவ்வழக்கம் இன்னும் மாறவில்லை. பயனாளரே தேடிப்பிடித்து மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2007-ல் வந்த ஐபோனிலும் கோப்புகளை அடுக்கிப் பார்க்கும் வசதி இல்லை. பத்தாண்டு கழித்து, 2017-ல், 'பைல்ஸ்' என்ற பெயரில் அதைச் சேர்க்க நேர்ந்தது. மறைத்தவர்களே கடைசியில் காட்ட வேண்டியதாயிற்று!

"தேடு என்றால் யந்திரமே தேடித் தருமே, அடுக்குவானேன்?" என்று கேட்பாருண்டு. தேடுவதற்கும் ஏதாவதொரு அடையாளம் நினைவில் இருந்தாக வேண்டும். வெறும் எண்ணையே பெயராகக் கொண்ட நூறு கோப்புகளுக்கிடையே தகப்பனாரின் பென்ஷன் உத்தரவு எது என்று எதைச் சொல்லித் தேடுவது? தவிர, இருப்பதையே மறந்துவிட்ட ஒன்றைத் தேடத்தான் யாருக்குத் தோன்றும்?

ஆகவே, மென்பொருள் செய்வோர் கோப்பின் முழுப் பெயரையும் இருப்பிடத்தையும் ஒளிக்காமல் காட்ட வேண்டும். பள்ளியில் கம்ப்யூட்டர் கற்பிப்போர், எழுதவும் படம் வரையவும் சொல்லிக் கொடுப்பதோடு நில்லாமல், எழுதியதைப் பத்திரப்படுத்தும் வழியையும் கற்பிக்க வேண்டும். குடும்பஸ்தர்கள் ஒரு ஞாயிறு மாலையை இதற்கென ஒதுக்கினால் போதும். விஷயத்துக்கு ஒரு போல்டர், பெயரிலேயே ஆண்டு, முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்தில் இன்னொரு நகல். அந்தப் பெயரைத் தமிழிலேயே எழுதி வைக்கவும் இன்று தடையில்லை.

பெட்டி எவ்வளவு பெரியது என்பதில் பெருமையில்லை. அதில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குப் பின் வருகிறவருக்கும் தெரிய வேண்டும்.