இலையுதிரா நாட்டில் இலையுதிர் காலம்

சென்ற புரட்டாசித் திங்களில் ஒருநாள், எட்டாந் தர மாணாக்கர்க்குப் பருவங்களைப் பற்றிக் கட்டுரை எழுதிவரப் பணித்திருந்தேன். ஒருவன் எழுந்து, "இளவேனில், கோடை, இலையுதிர் காலம், மாரி எனப் பருவங்கள் நான்கு" என்று படிக்கலானான். எழுத்துப்பிழை ஒன்றுதானும் இல்லை, நடையும் நன்று. "இலையுதிர் காலம் என்றாயே தம்பி, நம்மூரில் எந்த மரம் எந்தத் திங்களில் இலையுதிர்த்து நிற்கிறது?" என்று வினவினேன். அவன் சாளரத்துக்கு அப்பால் நின்ற தென்னையை நோக்கினான். தென்னையும் ஓலையை உதிர்ப்பதுண்டு. எனினும் அது பருவம் பார்த்து உதிர்ப்பதன்று. பையன் விடையின்றி நின்றான்.

"அது போகட்டும், கச்சான் என்றால் என்ன?" என்று வகுப்பைக் கேட்டேன். எங்கும் சிரிப்பு. "வறுத்துத் தின்னுற, சேர்!" என்று பலர் ஒருங்கே கூவினர். நிலக்கடலைக்கு நம் நாட்டில் அப்பெயர் வழங்குவது யாவரும் அறிந்ததே. கடைசி வாங்கிலிருந்து மட்டும் மெல்லிய குரல் ஒன்று எழுந்தது: "காத்து, சேர். கச்சான் உட்டுட்டு. இனி வாடதான். வாப்பா தோணிய மேல ஏத்தப் போறாரு."

தமிழ்ப் பாடத்தில் நாற்பது புள்ளி பெறுவதற்கே இடர்ப்படும் கடற்கரைப் பிள்ளை அவன். காற்றின் பெயரும், ஒரு பருவத்தின் முடிவும், மற்றொன்றின் தொடக்கமும், அதற்கேற்ப மனிதன் செய்யவேண்டிய தொழிலும் அவன் கூறிய மூன்று சிறு வாக்கியத்துள் அடங்கிக் கிடந்தன. அவனுக்கு நாற்பது புள்ளி இட்ட கை என்னுடைய கையே. அந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பண்டைத் தமிழர் பருவத்தை ஆறாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்; ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்; பின்னர் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன. இவற்றுள் இலையுதிர் காலம் என்பதொன்று இல்லை. அது குளிர்நாட்டுப் பருவத்தின் பெயரை மொழிபெயர்த்துக்கொண்ட சொல். மொழிபெயர்ப்பில் தவறில்லை, பிறநாட்டு நூலைப் படிக்குங்கால் அச்சொல் வேண்டுவதே. ஆயின் நம் பிள்ளை தன் வீட்டு வாயிலில் நிகழும் பருவத்தை விட்டு, தான் என்றுங் காணாத பருவத்தைத் தன்னுடையதென்று எழுதுவது கல்வியாகுமோ?

இனி, அகப்பொருள் நூலார் கூதிரைக் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதாக வைத்தனர். நெய்தலுக்கோ எனின், ஆறு பருவமும் உரியன என்று பிற்கால இலக்கணம் கூறும். மாணவப் பருவத்தில் இதனைப் படித்தபோது, கடற்கரைக்குத் தனிப்பருவம் கொடாது விட்டனரே என்று எண்ணினேன். கல்முனைக் கரையில் நெடுங்காலம் வாழ்ந்த பின்னரே அதன் பொருத்தம் எனக்கு விளங்கிற்று. கடலோரத்தார்க்கு ஆண்டு முழுவதும் கடலே. அவர்கள் பருவத்தைக் காற்றாற் பிரித்தறிவரேயன்றி இலையாலும் பூவாலும் பிரித்தறிவதில்லை.

காற்றுக்குத் திசைபற்றிப் பெயரிட்ட மொழி நம்முடையது. கீழ்க்காற்றுக் கொண்டல், தென்காற்றுத் தென்றல், மேல்காற்றுக் கோடை, வடகாற்று வாடை. இந்நான்கையும் நிகண்டில் நெட்டுருச் செய்தோம். நம் கரையில் கோடை என்னுஞ் சொல் நின்ற இடத்தே கச்சான் நிற்கிறது. வாடை அன்றிருந்தபடியே இன்றும் இருக்கிறது. சோழகம், கொண்டல் என்பனவும் மீனவர் வாயில் மறையவில்லை. நூலில் வாழும் சொல்லை நாம் இலக்கியம் என்கிறோம். வாயில் வாழும் அதே சொல்லைக் கொச்சை என்று ஒதுக்குகிறோம். இஃது என்ன நீதி?

இக்காற்றுகளின் இயல்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்களில் இலங்கையின் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கீழ்க்கடலோ தீவின் மறைவிலிருத்தலான் அடங்கிக் கிடக்கும். பங்குனி, சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரையில் மருதமுனை முதல் பொத்துவில் வரையுள்ள கரைகளில் கரைவலையும் சிறு தோணியும் தொழில் செய்வது அதனாலேயே. மேற்குக் கரை மீனவர் பலர் அக்காலத்துக் கீழ்க்கரையில் வாடியமைத்துத் தங்கிச் செல்வதும் அதனாலேயே. கச்சான் தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் வறண்ட வெங்காற்று. கரையோரத்தில் அலையை எழுப்பாது. வாடையோ கடலிலிருந்து கரை நோக்கி வருவது. கரையில் அலையை மலையாக உடைப்பது. பெருமரக்கலம் அந்த அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கலாம். பதினெட்டு, இருபது அடிப் படகு அதனைக் கடந்து போவதும் அரிது. போயின் மீள்வது அதனினும் அரிது.

இவ்விரு காற்றுக்கும் இடைப்பட்ட சில கிழமைகளே சிறுபடகுக்காரரின் கூதிர். அக்காலத்துக் காற்று ஒருநிலைப்படாது. காலையில் கண்ணாடிபோற் கிடக்கும் கடல், பிற்பகலில் இடியும் மின்னலுமாய் மாறும். ஆயினும் அவ்விடைக்காலத்திலேதான் பலர் பாரை நாடித் தூண்டிலோடு செல்வர். பார் என்பது கடலடிக் கற்பாறை. விளைமீன், கலவாய் முதலிய வெண்சதை மீன்கள் அங்கே வாழ்வன. சூடையும் கீரியும்போற் கூட்டமாய் வலையில் விழாமல், ஒவ்வொன்றாய்த் தூண்டிலில் ஏறுவன. ஆதலின் விலையும் மிகுதி. வரப்போகும் மூன்று நான்கு திங்கள் அடுப்பெரிய வேண்டுமே என்ற கவலை தோணியைக் கடலுக்குத் தள்ளும். மேகத்தின் நிறம் அதனைக் கரைக்கு இழுக்கும். இன்று போகலாமா, இன்றே மேலேற்றலாமா என்பதை ஒருவன் விடியுமுன் மணலில் நின்று துணிதல் வேண்டும். இதனினும் கடிய பரீட்சையை எந்தப் பாடசாலையும் வைப்பதில்லை.

அப்பரீட்சையில் தோற்றால் உயிர் போகும். 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி கிழக்கு மாகாணத்தில் பலநூறு உயிரைக் கொண்டதையும், தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்ததையும் முதியோர் மறந்திலர். அதுவும் கூதிர்க்காலமே. உயிர் தப்பினும் பொருள் தப்புவதில்லை. வெளியிணைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டும். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவானபோது, கடலுக்குப் போவதே கடனுக்குப் போவதாயிற்று. வாடை பிறந்தபின் சிலர் கல்லாற்று முகத்துவாரத்தை நாடுவர். சிலர் வட்டையில் விதைப்புக் கூலிக்குச் செல்வர். நெய்தலும் மருதமும் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலம் ஆதலின் அதற்கேனும் வழியுண்டு.

"வானொலி உண்டு, வானிலை நிலையம் உண்டு, கைப்பேசியில் எச்சரிக்கை வருகிறது. இனிக் கச்சானும் வாடையும் எதற்கு?" என்று கேட்பார் உளர். அவர் கூற்றை யான் புறக்கணிக்கவில்லை. முன்னோர் அறிவு யாவற்றுக்கும் போதுமென்று சொல்வது உண்மைக்கு மாறு. 2004 டிசெம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தபோது எந்தக் காற்றும் முன்னறிவிக்கவில்லை; எந்த முதியவரும் அறிந்திலர். அன்று இலங்கையில் மிகுதியான உயிரிழந்த மாவட்டம் நம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கருவியின் அறிவு இருந்திருந்தால் அவருட் பலர் இன்று நம்மிடையே இருந்திருப்பர். ஆகவே புதிய அறிவைத் தள்ளுக என்பது என் கருத்தன்று. ஓரறிவு வருதற்கு மற்றோரறிவைக் கொல்லவேண்டுவதில்லை என்பதே என் கருத்து. கொன்றால் என்னாகும் என்பதற்குச் சான்று நம் கண்ணெதிரே உண்டு.

ஒலுவிலில் துறைமுகம் வேண்டுமென்பது இம்மண்ணின் மக்கள் விரும்பிய கனவு. மறைந்த அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் அதனை முன்வைத்து உழைத்தவர். 2008 இல் தென்மார்க்கு நாட்டுக் கடனுதவியோடு வேலை தொடங்கி, 2013 செத்தெம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. அலைதடுப்பு அணைகள் கடலுள் நீண்டன. நம் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதன்று. ஆண்டுக் கணக்கில் அது தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நடப்பது. அணை அந்த நடையைத் தடுத்தது. தென்புறத்தே மணல் மேடிட்டது. துறைமுக வாயிலையும் மணல் அடைத்தது. வடபுறத்துக் கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையை உண்டது. தென்னைகள் வேரறுந்து வீழ்ந்தன. தோணி ஏற்றும் மணற்பரப்புச் சுருங்கிற்று. மிஞ்சிய கரையைக் காக்கக் கல்லை அடுக்கினர். கல்லடுக்கிய கரையில் கரைவலை இழுப்பது எங்ஙனம்? வாடைக்கு அஞ்சித் தோணியை எங்கே ஏற்றுவது?

இது புதுமையுமன்று. சென்னையில் 1876 இல் துறைமுக வேலை தொடங்கியபின் தென்புறத்தே மணல் சேர்ந்து இன்றைய மெரினாக் கடற்கரை விரிந்ததும், வடபுறத்தே இராயபுரக் கரையைக் கடல் தின்றதும் தமிழகமறிந்த செய்தி. நூற்றாண்டுக்கு மேற்பட்ட பாடம் அது. மணலின் நடையைப் பொறியியல் நூல் அறியும். அதே மணலில் நாடோறும் தோணியை ஏற்றி இறக்கும் மீனவனும் அறிவான். இவ்விருவரும் ஒரே பாயில் அமர்ந்து ஒருவர் சொல்லை ஒருவர் விளங்கிப் பேசியிருப்பின், கெடுதியிற் பெரும்பகுதி நேர்ந்திராது என்று நம்புகிறேன். அவ்வாறு பேசுதற்குப் பொதுமொழி வேண்டும். அம்மொழி மீனவன் வாயில் இருக்கிறது. நாம் அதற்கு நாற்பது புள்ளி கொடுத்து உட்காரவைத்துவிட்டோம்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. ஒருபுறம் தேங்கிய மணலை எடுத்து மறுபுறம் இடும் முறையை உலகம் கையாள்கிறது. அவுத்திரேலியாவில் துவீடு ஆற்று முகத்தில் 2001 முதல் குழாய் வழியே அவ்வாறு செய்கின்றனர். ஒலுவிலிலும் மணலை அகழ்ந்தால் அதனை வடகரைக்கே சேர்த்தல் வேண்டும். ஒருமுறை செய்து விட்டுவிடாமல் ஆண்டுதோறும் செய்தல் வேண்டும். எப்போது, எவ்விடத்தில் இடுவது என்பதைத் தீர்மானிக்கும் அவையில் சிறுபடகுக்காரருக்கு இருக்கை வேண்டும். பெரிய கலத்துக்குத் துறைமுகம் வேண்டும், மறுப்பார் இல்லை. சிறிய தோணிக்கு வேண்டுவது ஒரு கீற்று மணலே. அதனைப் பறித்துக்கொண்டு இதனைக் கொடுத்தோம் என்பது ஈகையாகாது.

பாடசாலைக்கும் ஒரு கடமையுண்டு. கல்முனையை அடுத்த காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கிழந்த யாழை நூல்களிலிருந்து மீட்டு 1947 இல் யாழ்நூலை வெளியிட்டார். அறிவியற் கலைச்சொல்லாக்கத்திலும் முன்னின்று உழைத்தார். அவர் தேடியது மறைந்துபோன யாழை. நாம் தேடவேண்டியது மறையப்போகும் சொல்லை. நம் பணி எளிது. சொல்லுடையார் இன்னும் உயிரோடிருக்கின்றனர். திமில் என்னும் பழைய மரக்கலத்தின் பெயர் மட்டக்களப்பில் திமிலைதீவு என்னும் ஊர்ப்பெயரில் ஒலிக்கிறது. பள்ளிவாசல் நம்பிக்கைப் பொறுப்பாளரை நம்மூரில் மரைக்காயர் என்கிறோம். அச்சொல்லில் மரக்கலம் மறைந்திருப்பதாகக் கொள்வாரும் உளர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியின் பெயரால் கொடியேறுகிறது. கடலோடிகளின் காவலராகப் போற்றப்படுபவர் அவர். இத்தனை சான்று சூழ்ந்திருக்க, காற்று, நீரோட்டம், மீன், வலை, தோணி உறுப்பு ஆகியவற்றின் பெயர்களை ஒவ்வோர் ஊர்ப் பாடசாலையும் ஒரு கையேடாகத் தொகுத்தல் அரிதோ? மாணாக்கர் தம் வாப்பாவையும் அப்பாவையும் கேட்டு எழுதிவரட்டும். ஆசிரியர் திருத்தவேண்டா, கேட்டு எழுதிக்கொண்டாற் போதும்.

அன்று மாலை அப்பையனின் கட்டுரையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அவனும் நான்கு பருவமென்றே எழுதியிருந்தான். இலையுதிர் காலத்தைப் பிழையுடன் எழுதியிருந்தான். அடுத்த நாள் அவனிடம், "நம்மூர்ப் பருவத்தை உன் வாப்பாவிடம் கேட்டு எழுதி வா" என்றேன். இரண்டு நாள் கழித்து ஒரு தாள் கொணர்ந்தான். எழுத்துப்பிழை மலிந்த அத்தாளில் எனக்குத் தெரியாத காற்றின் பெயர்கள் இரண்டு இருந்தன. முப்பதாண்டு தமிழ் கற்பித்த யான் அவற்றின் பொருளை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்குள் அவன் வாப்பா தோணியை மேலே ஏற்றிவிட்டார். ஏற்றுதற்கு இந்த ஆண்டு மணல் இருந்தது.