நீங்க எந்த ஊர் ஸார்?

ரயிலில் கேட்டால் சுலபமான கேள்வி. தாம்பரத்தில் கேட்டால் "செங்கல்பட்டு" என்போம். டெல்லியில் கேட்டால் "மெட்ராஸ்". ஆனால் காலேஜ் அட்மிஷன் ஃபாரம் கேட்கும்போது வாயால் சொன்னால் போதாது. பேப்பர் வேணும்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் வந்தது. எம்.பி.பி.எஸ். ஸீட்டில் நூற்றுக்கு 15 அகில இந்திய கோட்டா. மீதி 85 நம்ம மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. 'நம்ம' என்றால் யார்? ஆறாம் கிளாஸிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்த நம்ம ஊர்ப் பிள்ளையிடம் பிறப்பிடச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். இன்ஜினீயரிங் என்றால் எட்டாம் கிளாஸிலிருந்து கணக்கு. நடுவில் ஒரு வருஷம் எல்லை தாண்டினாலும் 'நேட்டிவிட்டி'க்கு ஓடவேண்டியதுதான்.

கல்பாக்கத்து நண்பர் ஒருவர் ஓடினார். மகாராஷ்டிரத்தில் தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு மூணு வருஷம் மாற்றல். மகள் ஆறு, ஏழு, எட்டு அங்கே படித்தாள். நீட் மார்க் வந்த அன்று வீட்டில் கேசரி. மறுநாள் ப்ராஸ்பெக்டஸைப் படித்ததும் கேசரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"திருக்கழுக்குன்றத்துல எங்க தாத்தா கட்டின வீடுய்யா! நான் வெளி மாநிலமா?"

வீடு சாட்சி சொல்லுமா? இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினார். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் ஆபீஸ் என்று நடையாய் நடந்தார். பரணிலிருந்து எடுத்த பேப்பர்களில் ஊர் ஒன்றுதான். ஜில்லாதான் வேறு வேறு. 1997 வரை செங்கை எம்.ஜி.ஆர்., அப்புறம் காஞ்சிபுரம், 2019-லிருந்து செங்கல்பட்டு. 1,300 வருஷமாக இடத்தை விட்டு அசையாத மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலே இந்த அட்ரஸ் ப்ரூஃபுக்குத் திணறும்!

கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் முன்னால் சான்றிதழ் வந்தது. வராமல் போயிருந்தால் தனியார் காலேஜ், வருஷத்துக்கு லட்சக்கணக்கில். பி.எஃப். பணம் அம்பேல்.

இது புதுசும் இல்லை. 1952-ல் டெல்லிவாசியான ஜோஷி இந்தூர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார. மத்திய பாரத்வாசிகளுக்குக் கேபிடேஷன் ஃபீஸ் கிடையாது; வெளியாருக்கு 1,300 ரூபாய்க்குக் குறையாமல் உண்டு. சுப்ரீம் கோர்ட் வரை போனார். 'பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு கூடாது என்றுதான் சட்டம். வசிக்கிற இடம் வேறு' என்று 1955-ல் தீர்ப்பு. ஜோஷி தோற்றார். எழுபது வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், மருத்துவ மேல்படிப்புக்கு மட்டும் வசிப்பிட ஒதுக்கீடு செல்லாது என்றது அதே கோர்ட். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இன்னும் உண்டு. அமெரிக்காவுக்கே போனாலும் தப்பிக்க முடியாது: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உள்ளூர் ஃபீஸுக்கு 366 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும்!

ஆகவே ப்ரமோஷனோடு மாற்றல் ஆர்டர் வந்தால், சம்பளம் எவ்வளவு ஏறுது என்று பார்க்கும் முன் பிள்ளை எந்த கிளாஸ் என்று பாருங்கள்.

கல்யாணமாகாத பிரம்மச்சாரிகளே, சிரிக்காதீர்கள். உங்க டி.சி. எந்தப் பெட்டியில் இருக்கு என்று இன்றைக்கே அம்மாவைக் கேட்டு வையுங்கள். இருபது வருஷம் கழித்து உங்க பிள்ளை அதைத்தான் கேட்கும்.