தையல் ஆறிவிட்டது, உள்ளே ஆறியதா?



கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண்ணைப் பார்க்க அக்கம் பக்கத்தார் வருவார்கள். "தையல் நன்றாக ஆறிவிட்டதே! அடுத்த வாரம் பிரட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டும் போவார்கள். நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆனால் அதை நம்பிப் பால்வாளியைத் தூக்கினால் பிறகு அவதிப்படப் போவது நீங்கள்தான்.

வெளித்தோல் ஆற இரண்டு வாரம் போதும். வயிற்றைத் திறந்து செய்த ஆப்பரேஷன் என்றால், உள்தையல் பலப்பட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கீழ்வழியாகவோ சிறு துளை வழியாகவோ எடுத்திருந்தால் நடமாட்டம் சீக்கிரம் வரும். ஆனாலும் உள்தையலுக்குப் பொறுமை வேண்டும். கர்ப்பப்பை கீழே இறங்கியதற்காகச் செய்த ஆப்பரேஷன் என்றால் இன்னும் கவனம் தேவை. கனம் தூக்கினால் தூக்கிக் கட்டியது மறுபடி இறங்கலாம். வயிற்றுத் தையல் வழியே குடல் பிதுங்கலாம்.

ஆகவே முதல் ஆறு வாரம் தண்ணீர் வாளி, அரிசி மூட்டை, உதிரிப்பழ மூட்டை எதையும் தொடாதீர்கள். அழுகிற பேரப்பிள்ளையையும் உட்கார்ந்தபடி மடியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. கால் நரம்பில் இரத்தம் உறையாமலிருக்க, தினமும் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். பத்தியம் என்று தண்ணீரையும் பழத்தையும் நிறுத்தாதீர்கள். மலம் இறுகி முக்கினால் தையலுக்குத்தான் கேடு. பப்பாளியும் கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம்.

டாக்டர் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை தாம்பத்தியம் வேண்டாம். இதைக் கணவன்மாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில வாரம் இலேசாக உதிரம் படுவது இயல்பு. அதிக உதிரப்போக்கு, துர்நாற்றம், காய்ச்சல், சிறுநீர் இறங்காமை, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

'பெண்மையே போய்விட்டது' என்று மனம் உடைய வேண்டாம். கர்ப்பப்பை போனால் மாதவிலக்கு நிற்கும், பிள்ளை பிறக்காது. கருமுட்டைப் பைகளையும் எடுத்திருந்தால் உடம்பில் அனலடிக்கலாம், வியர்த்துக் கொட்டலாம். அதற்கும் சிகிச்சை உண்டு; டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

"வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம்?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். மேற்கு மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய நோய் என்று டாக்டர் சான்று தந்தால், ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 முதல் இது சாதாரண எம்.சி. நாட்களோடு சேராது. விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவித்துவிட வேண்டும். எம்.சி. தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

இத்தனை காலம் குடும்பத்தைச் சுமந்தவளுக்கு ஆறு வாரம் ஓய்வு தருவது தர்மமல்ல, கடமை. அவள் கை வாளிக்குப் போகுமுன் வீட்டில் இருக்கிற இன்னொரு கை அங்கே போகட்டும்.