ஒரு லேபுக்காக ட்ரஸ்ட் ஆரம்பிக்காதீங்க

படிச்ச அரசுப் பள்ளிக்கு சயின்ஸ் லேப் வேணும், சிஎஸ்ஆர் பணம் வாங்க ட்ரஸ்ட் ஆரம்பிக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. வேண்டாம் என்பேன். தனியாராகத் தொடங்கும் பொது ட்ரஸ்ட் ஒன்று சிஎஸ்ஆர் திட்டத்தை எடுத்துச் செய்ய 12ஏ, 80ஜி பதிவு, சிஎஸ்ஆர்-1 எண், அதோடு அதே மாதிரி பணியில் 3 வருட அனுபவமும் வேணும். (சிஎஸ்ஆர்-1 சரிபார்த்தா எங்களுக்கு ஃபீஸ் வரும், அது வேற கதை!) அதுக்குள்ள இன்னைக்கு பத்தாவது படிக்கிற பிள்ளைங்க பிளஸ் டூ முடிச்சுப் போயிடுவாங்க.

கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135-ல் வரும் நிறுவனம் பள்ளிக்கு நேரடியாகவே செலவு செய்யலாம். தமிழ்நாட்டில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகவும் கொடுக்கலாம். அதனால முதல்ல உங்க ஆபீஸ் சிஎஸ்ஆர் டீமைப் பாருங்க. தலைமையாசிரியர் கடிதமும் கொட்டேஷனும் கையில் இருக்கட்டும். லேபை அப்புறம் யார் பராமரிப்பாங்கன்னு கட்டாயம் கேப்பாங்க, அதுக்கும் பதில் வேணும். மார்ச் கடைசியில் போய் நிக்காதீங்க. பணம் பெரும்பாலும் அதுக்குள்ள ஒதுக்கி முடிஞ்சிருக்கும்.