கிரானைட்டே இல்லாத கிரானைட்

மாடியில் புதுச் சமையலறை கட்டுகிறேன். மேடைக்குக் கல் வாங்கப் போன இடத்தில் பிடித்தது தலைவலி. "பிளாக் கிரானைட் சார், நம்பி எடுங்க" என்று கடைக்காரர் தட்டிக் காட்டினார். மை மாதிரி பளபளவென்று இருந்தது. கூட வந்த மைத்துனன் ஜியாலஜி படித்தவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா?

"மாமா, இது கிரானைட்டே இல்ல. டோலரைட்."

கிரானைட் என்றால் ஐந்தில் ஒரு பங்காவது குவார்ட்ஸ் இருக்க வேண்டுமாம். வெள்ளையாகவோ, இளஞ்சிவப்பாகவோ வெளிறித்தான் இருக்குமாம். கடைக்காரர் அசரவில்லை. "பாலிஷ் போட்டு மேடையில ஏறிட்டா எல்லாமே கிரானைட்தான் தம்பி."

பள்ளிக்கூடத்தில் கிரானைட்டுக்குக் கருங்கல் என்றுதான் படித்தேன். வெளுத்த கல்லுக்குக் கருங்கல்லென்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! சரி, வெள்ளையாகவே பார்ப்போம் என்றால் 'காஷ்மீர் ஒயிட்' என்றார்கள். வெள்ளைக் கல்லில் குங்குமம் தெளித்தாற்போல் சிவப்புப் புள்ளிகள். அது கார்னெட்டாம். கல்லை வெட்டியெடுத்தது எங்கே? மதுரை மேலூர்ப் பக்கம். காஷ்மீரைக் கண்ணாலும் கண்டிராத கல்.

பல்லாவரத்துக் கல்லின் கதை இன்னும் மோசம். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கும்பெனிக்காரருக்குச் சமாதி கட்ட இங்கிருந்து கல் போனது. தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் அந்தப் பாறை வகைக்கே 'சார்னகைட்' என்று பெயர் சூட்டிவிட்டார். கல்லைக் கொடுத்தது நம்மூர் மலை, பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் கல்லுக்கு அடியில் படுத்திருந்தவர்.

சட்டமாவது ஒழுங்காகப் பேசுகிறதா? மலையையே மொட்டையடித்து ஜல்லியாக்கினாலும் அது 'சிறு கனிமம்'. 1957-ஆம் வருடச் சட்டத்தில் கட்டுமானக் கல், கிராவல், சாதாரண மணல், களிமண் எல்லாம் அந்தக் கணக்கில்தான். 2015-ல் ஜிப்சம், டோலமைட் என்று 31 கனிமங்களை அதே பட்டியலில் சேர்த்தார்கள். லாரி அளவைப் பார்த்தால் 'சிறு' எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

கிராவல் என்றதும் நினைவு வருகிறது. அகராதியில் பருக்கைக்கல் என்று போட்டிருக்கிறது. ஆர்டர் செய்தேன், வந்து இறங்கியது செம்மண். எம் சாண்ட் கேட்ட அன்று வந்தது வேறு கூத்து. ஒரு பிடி அள்ளி நனைத்துப் பிசைந்தால் உள்ளங்கையில் மாவாக அப்பிக்கொண்டது. அது எம் சாண்ட் இல்லை, கிரஷர் டஸ்ட். ஓட்டுநரிடம் சண்டை போட்டால், "ரெண்டும் ஒரே கிரஷர்ல வர்றதுதானே சார்" என்கிறார்.

கடைசியில் அந்தக் கறுப்புக் கல்லையே எடுத்தேன். ரசீதில் 'பிளாக் கிரானைட்' என்று எழுதினார்கள். மைத்துனன் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினான். கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.